வெந்நீருக்குப் பின் வந்தவன்

"இனி என் முகத்துலயே முழிக்காதே" என்று குணவதி சண்டைபோட்டு அனுப்பிய தம்பி சேரலாதன், அதே வாரம் விபத்தில் இறந்துபோனான். அவனிடம் ஒருமுறையாவது பேசிவிடத் தவித்த அவளுக்கு வழி சொன்னவள் அலுவலகத் தோழி பரிமளா.

"வெந்நீர்ல நல்லா ஊறிட்டு, 'இது கனவு, இது கனவு'ன்னு சொல்லிக்கிட்டே படு. கனவுக்குள்ளயே அது கனவுன்னு உனக்குத் தெரியும். அப்புறம் நீ நினைக்கிறபடிதான் எல்லாம் நடக்கும்."

ஞாயிறு மதியம், உடம்பு தளரும்வரை வெந்நீர்த் தொட்டியில் கிடந்துவிட்டுப் படுத்தாள். தம்பி வந்தான். "உன்மேல எனக்குக் கோபமே இல்லக்கா" என்றான். அழுதபடி எழுந்தவளுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. ஆனால் காபி ஆறுவதற்குள் குழப்பம் பிடித்துக்கொண்டது. அதைச் சொன்னது அவனா, அவனைச் சொல்லவைத்த அவளேதானா?

மறுநாளும் வெந்நீரில் கிடந்தாள். இந்த முறை எதையும் நினைக்கக் கூடாது என்ற உறுதியோடு படுத்தாள். சேரலாதன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து நீ நினைச்சதைச் சொன்னேன். இன்னிக்கு நான் நினைக்கிறதைச் சொல்லட்டுமாக்கா?"

கண்ணைத் திறந்தால் அவன் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. திறப்பதா, வேண்டாமா என்றுதான் தெரியவில்லை.