பஞ்சமத்தில் ஒரு வளையல்

மேற்கு மாம்பலத்து மாடி ஸ்டுடியோவில் ஜன்னலைக் கம்பளத்தால் மூடியிருக்கிறார்கள். அதன் ஓரமாக நுழைந்த வெயில், ஒலியைப் பிடித்துவைக்கும் இரண்டு சாம்ப்ளர் பெட்டிகளையும் ஜானுவின் மடியையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. புதிய பெட்டியில் மிருதங்கம் இருக்கிறது. பழையதில், போன வாரம் ஒவ்வொரு ஸ்வரமாக அவள் மீட்டிக் கொடுத்த வீணை. அது எப்போதும் ஒரு மயிரிழை பிந்துகிறது. பாடகர் வருவதற்குள் இரண்டும் சேராவிட்டால் வீணையே வேண்டாமென்று இசையமைப்பாளர் சொல்லிவிட்டார்; ஜானுவுக்கு இது முதல் சினிமாப் பாட்டு. “உன் வீணை மெதுவா எழுந்துக்கறது. எங்க ஆரம்பிக்கறதுன்னே பிடிபடலை,” என்கிறான் புரோகிராமர் பரத்வாஜ். “என்னை மாதிரியேன்னு சொல்லிடுங்கோ அண்ணா.” அவன் சிரிக்காமல் பஞ்சம ஸ்வரத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறான். “இதென்ன கிணுங்னு?” ஜானு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். மீட்டிக் கொடுத்த அன்று வளையலைக் கழற்ற மறந்திருந்தாள். “அழிச்சுடுங்கோ, மறுபடி வாசிச்சுத் தரேன்.” “சும்மா இரு. வளையல் விழற இடம் பளிச்சுனு கேக்கறது. அதைப் பிடிச்சுண்டு போயிடலாம்.” பழைய பெட்டியின் குமிழை இம்மி இம்மியாகத் திருகி வீணையை முன்னே நகர்த்துகிறான். வளையலும் மிருதங்கத்தின் அடியும் அடுத்தடுத்துக் கேட்டு, நெருங்கி, ஒன்றாகிவிடுகின்றன. அவன் கையை எடுத்துக்கொள்கிறான். இரண்டு பெட்டிகளின் சிவப்பு விளக்குகளும் சேர்ந்து துடிக்க, அவள் விரல்கள் எட்டவே முடியாத வேகத்தில் அவளுடைய வீணை ஓடுகிறது. பஞ்சமம் வரும்போதெல்லாம் வளையல் கிணுங்குகிறது. ஜானு குனிந்து மடியைப் பார்க்கிறாள். வெயிலில் அவள் கை அசையாமல் இருக்கிறது. அதில் அதே வளையல்.