மஞ்சளுக்கு வந்த தண்ணீர்

ஆற்றில் தண்ணீர் வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. சாய ஆலை சுத்திகரித்து விடும் கழிவுநீரில்தான் ஊரே மஞ்சள் விளைவித்தது. அந்த ஆலையில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டு இறந்த கணவருக்காக வேலாத்தாள் தொடுத்த வழக்கில், ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பத்தே நாளில் வாய்க்கால் வறண்டது.

“உங்க ஊட்டுக்காரருக்காக நாங்களும் சாகோணுங்களா?” என்று கேட்டார் பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன். அவளுடைய மஞ்சளும் கருகிக்கொண்டிருந்தது.

மேல்முறையீட்டுக்கென்று ஆலை மேலாளர் நீட்டிய தாளில், கணவர் பீடி குடித்தே இறந்தார் என்று எழுதியிருந்தது. அவர் பீடியைத் தொட்டதே கிடையாது.

“கையெழுத்துப் போட்டா தண்ணி எப்பங்க வரும்?”

“தீர்ப்புக்குத் தடை வாங்கிருவோம், மூணு நாள்ல வந்துரும்மா.”

வந்தது. வேலாத்தாள் மடையைத் திறந்துவிட்டாள். வரப்பில் நின்ற சென்னியப்பன், “நல்ல காரியம் பண்ணுனீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.