சதைப்பக்கம்

தோலைத் திருப்பினாள். சதை இருந்தது.

ஒட்டிக்கொண்ட துணுக்கு இல்லை. இரண்டு விரல் கனம்.

அடுத்ததைத் திருப்பினாள். அதிலும் இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து உப்புப் போட்டு வந்த நாற்பது திருக்கை மீன் தோல்கள். அனுப்பியவன் அவள் தம்பி கஸ்பார். இராணிப்பேட்டைத் தோல் ஆலையில் அவற்றைத் தரம் பிரித்து, படிவத்தில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

திருக்கையைத் தின்கிறவன் இப்படி அறுக்க மாட்டான்.

அவள் பிறந்ததே கடற்கரையில். திருக்கை வாங்கினால் அம்மா வாலோரத்துச் சதையைக்கூட வழித்தெடுத்து, மிளகு அரைத்துக் குழம்பு வைப்பாள். தோலில் பூனைக்குக்கூட ஒன்றும் மிஞ்சாது.

அந்தப் பெருமையில்தான் இரண்டு வருடத்துக்கு முன் முதலாளியிடம் வாயை விட்டாள். எங்கள் ஊரில் கறியைத் தின்றுவிட்டுத் தோலைத் தூக்கித்தான் போடுகிறோம் என்றாள். தம்பியின் போன் நம்பரையும் கொடுத்தாள்.

அந்தப் பேச்சு இப்போது அழகான எழுத்தில், ஆலை செய்யும் ஒவ்வொரு பர்ஸுக்குள்ளும் ஓர் அட்டையாக இருக்கிறது.

'உண்ட மீனின் மிச்சத் தோல். தோலுக்காக ஓர் உயிரும் போகவில்லை.'

அவள் கையெழுத்து அதற்குத்தான்.

பதினோரு மணிக்கு, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். இப்போது பத்தே கால்.

தம்பிக்குப் போன் போட்டாள். கறி எங்கேடா போகிறது என்று கேட்டாள்.

"கறியை எவன்க்கா சொமந்துட்டு வாறது? ஐஸ் பெட்டில எடம் வேண்டாமா? தோலை உரிச்சுட்டுக் கடல்லயே தள்ளிருவோம். ஏன், தோலு நல்லாத்தான இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது.

அவன் எதையும் ஒளிக்கவில்லை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. முன்பெல்லாம் மாதத்துக்கு ஐந்தாறு தோல் வரும், சுத்தமாக வரும். போதாது, போதாது என்று அவனை விரட்டியவள் அவள்தான். இந்த ஆர்டரை நம்பிப் புது வள்ளம் ஒன்றைக் கடலில் இறக்கியிருக்கிறான்.

கத்தியை எடுத்தாள்.

சதையைச் சீவி வாளியில் போட்டாள். ஒரு தோல். இரண்டு. ஐந்து. வேர்த்துக் கொட்டியது. வாளி நிறைந்தது. இன்னொரு வாளி எடுத்தாள்.

ஆறாவது தோல் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தது.

குட்டி.

அதில் சீவ ஒன்றுமில்லை. கத்தி தோலையே கிழித்துவிட்டது.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

வெளியே கார் ஹாரன் கேட்டது. மேஸ்திரி தனபால் கதவோரம் தலையை நீட்டினார்.

"வந்துட்டாங்கம்மா. நல்லதா நாலு எடுத்து மேல போடுங்க, சீக்கிரம்."

எடுத்தாள்.

சீவாதவற்றில் பெரியதாகப் பார்த்து எடுத்தாள். மேசையின் நடுவில் விரித்தாள். சதைப்பக்கம் மேலே இருக்கும்படி.

வராந்தாவில் காலடிச் சத்தம்.

ஆர்டர் போகப்போவதைத் தம்பியிடம் முதலில் தானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நம்பரை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது.

கடலுக்குள் போய்விட்டான்.

சாயங்காலம் தோலோடுதான் திரும்புவான்.