நனைக்காத செங்கல்

திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்தில் உச்சி வெயில். வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர்கள் ஆறு பேர் நான்கு நாளாக எழுப்பிய சுவரில் அமல்ராணி கடப்பாரையை இறக்குகிறாள். அவளுக்கென்று கட்டும் வீடு அது. செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போடாமலே அடுக்கியிருக்கிறார்கள்; கலவையின் ஈரத்தையெல்லாம் கல் குடித்துவிட, அடி விழும் இடத்தில் சிமெண்டு மாவாக உதிர்கிறது. உயரமான ஒரு மாணவி காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். சிமெண்டு அரித்து அவள் விரல்கள் புண்ணாகியிருக்கின்றன. மொழிபெயர்க்க வந்த வெனிலா ஓடிவந்து அமல்ராணியின் கையைப் பிடிக்கிறாள். "வேணாங்கா! வெயில்ல காஞ்சிகினு ஆசையா கட்டுனாங்க. நாளைக்கு ஃப்ளைட்டு ஏறிடுவாங்க." "அவங்க ஏறிடுவாங்க. இதுங்கீழ படுக்கப்போறது யாரு? போன மழையில செவுரு வுழுந்துதான எம்பொண்ணு செத்தா? வுடுடி கைய!" உதறிய வேகத்தில் வெனிலா மணலில் போய் விழுகிறாள். கடப்பாரை மறுபடி இறங்குகிறது; ஒரு வரிசை முழுதும் சரிந்து புழுதி கிளம்புகிறது. விழுந்த இடத்திலிருந்தே வெனிலா அமல்ராணி சொன்ன அவ்வளவையும் இங்கிலீஷில் கத்திச் சொல்கிறாள். அலறல் சட்டென்று நிற்கிறது. உயரமான மாணவி புழுதிக்குள் நடந்து வந்து, மிச்சமிருக்கும் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துத் தள்ளுகிறாள். ஒரே தள்ளில் அது உட்பக்கமாக, ஆள் படுக்கும் இடத்தில், விழுகிறது.