காட்டுக்குள் ஒரு சதுரம்

துறைமுக வேலை முடித்து வந்த தகப்பன் சிறீஸ்கந்தராசாவின் பக்கம் மடிக்கணினியைத் திருப்பினாள் சுதாஜினி. இத்தாலியின் பலேர்மோவில் பிறந்து வளர்ந்தவள். செய்மதிப் படங்களை வைத்து இலங்கையின் வன்னிக் காடுகளை ஆராய்பவள்.

“அப்பா, இந்தக் காட்டிலை ஆக்கள் இருந்த அடையாளமே இல்லை. யானையளுக்கு ஒதுக்கச் சொல்லி நேற்று அறிக்கை அனுப்பிட்டன். இனி ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது.”

“உதென்ன, பெட்டி மாதிரி?”

“பனையள். நாலு பக்கமும் நேரா வளந்திருக்கு. ஏனெண்டு விளங்கேல்லை.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“அந்தப் பெட்டிக்குள்ளை யானை ஏதும் நிக்குதோ?”

“ஓம், ஒண்டு. இந்தச் சிவப்புப் புள்ளி. அதின்ர கழுத்துப் பட்டியிலை இருந்து சிக்னல் வருது.”

சிறீஸ்கந்தராசா புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

“அந்தப் பனையள் எங்கட காணி எல்லைக்கெண்டு உன்ர அப்பப்பா வைச்சது. யானை இப்ப உன்ர அப்பம்மா சமைச்ச குசினிக்குள்ளை நிக்குது, பிள்ளை.”