உப்புநீரில் சர்க்கரை

இரத்தச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்களில் கார்பன் மையால் மின்முனை அச்சடிப்பது எங்கள் வேலை. எங்களோடு வேலை பார்த்த, சர்க்கரை நோயாளியான அக்கா, தன் விரலைக் குத்தித்தான் அவற்றைச் சோதிப்பார். "சும்மா கெடக்குற சர்க்கரைதானே" என்பார். வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். போன மாதம் ஒரு மதியம், சர்க்கரை இறங்கி மேசையில் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது வெறும் உப்புநீரில் சோதிக்கிறோம். பூஜ்யம்தான் வர வேண்டும். இன்று காலை மீட்டர் நூற்றுப்பத்து காட்டியது. மதியம் அறுபது. அடுத்த ஸ்ட்ரிப்பில் நாற்பத்தைந்து.

"மிஷின் கோளாறா சார்?" என்றேன்.

சூப்பர்வைசர் மீட்டரை எட்டிப் பார்த்தார். தன் டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கி, அக்காவின் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"மொதல்ல இதக் குடிம்மா. வேலை எங்கயும் ஓடிப்போயிடாது."

நான் அடுத்தடுத்து ஸ்ட்ரிப்களை உப்புநீரில் நனைத்தேன். எண் ஏறும்வரை யாரும் உட்காரவில்லை.