சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

வாசலில் கிடந்த கருங்கல்லுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டார்ட் ஆகாத காருக்கு நேர் முன்னால் நின்று, பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்க்கிறார் திருமேனி. வண்டியோ கியரிலேயே இருக்கிறது.

சக்கரத்தடியில் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்த எலுமிச்சம்பழத்திடம் கல் கெஞ்சியது.

"அவர் கியரை எடுக்கவே இல்ல, சாவியைத் திருப்பினா வண்டி பாஞ்சிடும். நீ நகந்துக்க, நான் முட்டுக் கொடுக்கறேன்."

"உன்னை யாரு கூப்பிட்டா? அதான் நான் இருக்கேனே!" என்றது பழம்.

"கோமளா, சாவியைத் திருப்பு!" என்று காருக்குள் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார் திருமேனி.

கார் வெடுக்கென்று முன்னால் பாய்ந்தது. பழம் நசுங்கி, அதன் விதை கல்மேல் தெறித்தது. பம்பர் இடித்து மல்லாக்க விழுந்த திருமேனி முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"நல்லவேளை, பழம் வச்சோம்!"

காலில் இடறிய கல்லை ஓரமாய்த் தள்ளிவிட்டு உள்ளே போய், இன்னொரு பழத்தோடு வந்தார்.

"கோமளா, மறுபடியும் திருப்பு!"